28 வயதாகிறது, மகள் ஒன்றாம் வகுப்பு. இனிமேல் நர்சிங் சேர முடியுமா?

மலர்_விருதுநகர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மகளும் அம்மா வீட்டில் இருக்கிறோம். அவள் அப்பா எங்களை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது, இனி வரமாட்டார். பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, பிபி பார்ப்பது, டாக்டர் சொன்னால் கட்டுப் போடுவது என்று வேலை. மாதம் 8,500 சம்பளம். 2015-ல் பிளஸ் டூ முடித்தேன், தமிழ் மீடியம், பயோ குரூப், 1200-க்கு 941. அப்போதே நர்சிங்தான் ஆசை, வீட்டில் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் 1 வருட நர்சிங் கோர்ஸ் 45,000 ரூபாய், இரண்டு தவணையில் கட்டலாம், முடித்ததும் வேலை என்கிறார்கள். அம்மா அதிலேயே சேரச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, நான் வார்டில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டும். பி.எஸ்சி என்றால் 4 வருடம், ஜிஎன்எம் (பொது நர்சிங், பேறுகால டிப்ளமோ) என்றால் 3 வருடம், ஹாஸ்டலில் தங்கியே ஆக வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படித் தங்குவது? கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளையோ வைத்துக்கொண்டு படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தேன்மொழி_ஸ்டாஃப்நர்ஸ்:

மலரும்மா, முதல் காரியமாக அந்த 45,000-ஐக் கட்டாதே. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் நர்ஸ். இந்த 1 வருட கோர்ஸ் முடித்தவர்களை அங்கே பதிய மாட்டார்கள். அப்படிப் படித்த இரண்டு பெண்கள் என்னோடு வேலை பார்த்தார்கள், ஊசி போடுவது வரை எல்லாம் செய்வார்கள், ஆனால் சார்ட்டில் அவர்கள் கையெழுத்துப் போட முடியாது, ஆறு வருடம் கழித்தும் ஹெல்பர் சம்பளம்தான். “முடித்தால் கவுன்சிலில் பதிவு ஆகுமா, எழுதிக் கொடுங்கள்” என்று அந்த இன்ஸ்டிடியூட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பார், பேச்சை மாற்றுவார்கள்.

நான் ஜிஎன்எம் சேரும்போது எனக்கு 27, பையனுக்கு 4. அவன் அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹாஸ்டல் கட்டாயம் என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் பிரின்சிபாலைப் பார்த்தேன், வீடு 3 கிலோமீட்டர், பிள்ளையைப் பார்க்க அம்மா இருக்கிறார், எந்த வார்டுப் பயிற்சிப் போஸ்டிங்கிற்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். நைட் டூட்டி வாரங்களில் மட்டும் ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். அதனால் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னாலேயே கேள், கட்டிய பிறகு கேட்டால் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று அட்டண்டன்ஸ். தியரிக்கு 80 சதவீதம் போதும், பிராக்டிகலுக்கு 100 சதவீதம், ஒரு நாள்கூடப் பாக்கி வைக்க முடியாது. பையனுக்கு அம்மை போட்டபோது 9 நாள் போகவில்லை. பரீட்சை முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன லீவில் அந்த 9 நாளையும் தனியாக வார்டில் நின்று ஈடு கட்டினேன். லேபர் வார்டில் 20 பிரசவம் நம் கையால் பார்த்துக் கேஸ் புக்கில் எழுத வேண்டும். பகலில் பார்த்துப் பிறக்குமா குழந்தை? என் 20-வது கேஸ் விடியற்காலை 4.40-க்கு. கிளவுஸைக் கழற்றி, புக்கில் மேடம் கையெழுத்து வாங்கி, 6 மணி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால், பையன் தானே யூனிஃபார்ம் போட்டுப் பொத்தானை எல்லாம் ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், சேர்.

காலை 7 மணி போஸ்டிங் என்றால் 6 மணிக்கே கிளம்ப வேண்டும். மகள் அரசுப் பள்ளி என்றால் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடும், அம்மாவுக்குப் பாதிப் பாரம் குறையும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதை மட்டும் இப்போதே பேசி முடிவு செய்துவிடு. என்னோடு சேர்ந்து பாதியில் நின்ற பெண் நன்றாகப் படிக்கிறவள்தான், அவள் நின்றது வீட்டில் ஆள் இல்லாததால்.

ராஜி_நர்சிங்டியூட்டர்:

28 ஒன்றும் தாமதம் இல்லை சகோதரி. ஜிஎன்எம் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் உச்ச வயது 35. மாநிலக் கவுன்சலிங்கில் அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் உள்ள வயதுதான் கணக்கு, அதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. அரசுக் கல்லூரி கிடைத்தால் செலவு மிகக் குறைவு, தனியாரில் சேரும்போது மட்டும் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் பி.எஸ்சி, ஜிஎன்எம் இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதை எடுப்பேன். ஜிஎன்எம் முடித்தாலும் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு நர்ஸ் பணிக்குப் போகலாம், பிறகு 2 வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்துக்கொள்ளலாம். எய்ம்ஸ் போன்ற இடங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும், ஜிஎன்எம் என்றால் 2 வருட ஆஸ்பத்திரி அனுபவம் கேட்பார்கள், பி.எஸ்சிக்கு அது தேவையில்லை.

சான்றிதழ் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். இ-சேவையில் ‘கைவிடப்பட்ட பெண்’ சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், விஏஓ விசாரித்துத் தாசில்தார் வரை போய் வர நாளாகும். பேங்கில் கல்விக் கடன் கேட்கப் போனால் கணவர் எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும், அப்போது இது கையில் இருக்கட்டும். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, கூட்டுக் கையெழுத்தை அம்மா போடலாம், படிக்கும் காலமும் அதற்கு மேல் 1 வருடமும் தவணை கிடையாது.

தமிழ் மீடியம் என்றீர்கள். முதல் ஆறு மாதம் அனாடமி கஷ்டமாக இருக்கும், பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். என்னிடம் படிப்பவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியம், பழகிவிடுகிறார்கள்.

நர்ஸ்மகள்:

நான் நர்ஸ் இல்லை, நர்ஸின் மகள். அம்மா என்னைத் தனியாக வளர்த்தவர், அவர் ஜிஎன்எம் படித்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அவரும் தமிழ் மீடியம்தான். எலும்புப் பெயர்கள் மனசில் நிற்கவில்லை என்று சமையல் டப்பாக்களில் ஒட்டி வைத்திருந்தார். உப்பு டப்பாவில் ஃபீமர், சர்க்கரை டப்பாவில் டிபியா. “ஃபீமரை எடும்மா” என்றால் உப்பை எடுத்துக் கொடுப்பேன். ராத்திரி ரெக்கார்டு நோட்டுக்குச் சிவப்புப் பேனாவில் மார்ஜின் போடுவது என் வேலை. அம்மா இல்லாத ராத்திரிகளில் பாட்டியிடம் அழுதிருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அம்மா நம்மை விட்டுவிட்டார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போவார். உங்கள் மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள் அக்கா, ஆறு வயதுக்குப் புரியும்.

மலர்_விருதுநகர்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொத்தான் விஷயம் வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் வந்து, “ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், காய்ச்சல் என்றால் உன் சித்தி வீட்டு ஆட்டோ இருக்கிறது” என்றார். இன்ஸ்டிடியூட்டுக்கு இன்று போன் பண்ணி கவுன்சில் பதிவு பற்றிக் கேட்டேன், நேரில் வாங்க பேசலாம் என்றார்கள், போகப் போவதில்லை. சனிக்கிழமை இ-சேவை மையம் போகிறேன். தேன்மொழி அக்கா, பிரின்சிபாலுக்குக் கொடுத்த கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? ஞாபகம் இருக்கும் வரை அப்படியே எழுதிப் போட முடியுமா?