ஆறாத பாதப் புண்ணுக்குப் பிளாஸ்மா ஜெல், ஸ்டெம் செல்: முதலிலேயே தந்தால் என்ன?

மூத்தமகன்:
அப்பாவுக்குப் பாதத்தில் புண் வந்து நாலு மாதம் ஆகிறது. சர்க்கரை நோய் 20 வருடமாக உண்டு. சுத்தம் செய்கிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், புண் அப்படியே இருக்கிறது. இப்போது ஒரு மருத்துவமனையில், அவருடைய ரத்தத்திலிருந்தே பிளாஸ்மா ஜெல் செய்து வைக்கலாம், கூடவே ஸ்டெம் செல் (வேறு செல்களை உண்டாக்கும் மூலச் செல்) ஊசியும் போடலாம் என்கிறார்கள். இதை முதல் வாரமே செய்திருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்குமே! எல்லாம் கைவிட்ட பிறகுதான் நல்ல வைத்தியம் என்று ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

சந்தேகப்பிராணி:
நல்ல வைத்தியம் என்று யார் சொன்னது, விற்பவரா? ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கும், தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) நிறைந்த பிளாஸ்மா மேலே நிற்கும். கால்சியமோ த்ராம்பினோ சேர்த்தால் உறைந்து ஜெல்லாகும். அவ்வளவுதான். எத்தனை மடங்கு தட்டணு, வெள்ளணு சேர்ந்ததா சேராததா என்பதெல்லாம் செய்பவருக்குச் செய்பவர் மாறும். ஒரே பெயரில் பத்து மருந்து. 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தது மொத்தமே 10 ஆய்வு, 442 பேர். ஆறாத புண்களுக்குப் பொதுவாகப் பலன் உண்டா என்பது தெளிவில்லை என்றுதான் முடித்தார்கள்.

வெள்ளணு:
பாதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பலன் இருக்கலாம் என்று அதே தொகுப்பு சொல்கிறது, சான்று வலுவில்லை என்ற குறிப்போடு. இவர் கேட்பதும் பாதப் புண்ணைத்தானே? அப்புறம் 2018-இல் லியூக்கோபேட்ச் ஆய்வு வந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நோயாளிகள். அவரவர் ரத்தத்திலிருந்து தட்டணு, வெள்ளணு, ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப் புரதம்) சேர்ந்த வில்லை ஒன்றைச் செய்து வாரம் ஒரு முறை புண்மேல் வைத்தார்கள். 20 வாரத்தில் 34 சதவீதம் பேருக்கு ஆறியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடும் 2021 முதல் சர்க்கரை நோயால் வந்த ஆறாத புண்ணுக்கு 20 வாரம் இதற்குப் பணம் தருகிறது.

சந்தேகப்பிராணி:
அப்படியானால் நூற்றுக்கு 66 பேருக்கு ஆறவில்லை.

வெள்ளணு:
அந்தப் பக்கம் 78 பேருக்கு ஆறவில்லை. கழித்தலை இரண்டு பக்கமும் போடுங்கள்.

நைட்டூட்டி:
தினமும் கட்டுப் போடுகிற நர்ஸ் நான், குறுக்கே வருகிறேன். அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. முதலில் நாலு வாரம் எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சையை ஒழுங்காகக் கொடுத்தார்கள். அதிலேயே புண் பாதியாகச் சுருங்கியவர்களை விலக்கிவிட்டு, மிஞ்சியவர்களுக்குத்தான் வில்லை. ஆக, முதல் வாரமே வேண்டும் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

மூத்தமகன், அப்பா அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? மரத்துப்போன பாதத்துக்கு வலி தெரியாது, ஒவ்வொரு அடியிலும் புண் நசுங்கும். காலுக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் பார்த்தார்களா? எலும்புவரை தொற்று இறங்கியிருக்கிறதா? ஆறாத புண்ணில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் ஏராளம். புண் ஆறத் தூண்டுவதற்காகத் தட்டணு விடும் வளர்ச்சிக் காரணிகளும் புரதம்தான், அவற்றையும் தின்று தீர்த்துவிடும். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினால் என்ன?

மூத்தமகன்:
நடக்கிறார். பாரம் தாங்க ஒரு பூட்ஸ் கொடுத்தார்கள், கனமாக இருக்கிறது என்று கழற்றி மூலையில் வைத்துவிட்டார். டாப்ளர் எடுத்த நினைவில்லை. சரி, அது எங்கள் தப்பு. ஆனால் ஸ்டெம் செல் புதுத் தோலையே உண்டாக்கும் என்றார்களே?

வெள்ளணு:
இந்த இடத்தில் நான் சந்தேகப்பிராணி பக்கம் (தலையெழுத்து). ஸ்டெம் செல்லால் தோல் உண்டானது உண்மை. 2015-இல் ஜெர்மனியில், தோல் கொப்புளித்து உரியும் மரபணு நோயுள்ள 7 வயதுப் பையனுக்கு, அவனுடைய தோல் செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, விரிப்பாக வளர்த்து, உடம்பில் சுமார் 80 சதவீதத்துக்கு ஒட்டினார்கள். அதிலிருந்த தோல் ஸ்டெம் செல்கள் நிலைத்ததால் தோலும் நிலைத்தது. உங்களிடம் சொல்லும் ஊசி அந்த ஜாதி இல்லை. பொதுவாகக் கொழுப்பிலோ எலும்பு மஜ்ஜையிலோ எடுக்கும் மீசன்கைமல் செல்லாக இருக்கும். புண்ணில் போட்டால் அவை பெரும்பாலும் தங்குவதில்லை. இருக்கிற கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சைகை அனுப்புவதுதான் அவற்றின் வேலை. 1991-இல் அவற்றுக்கு ஸ்டெம் செல் என்று பெயரிட்ட ஆர்னால்ட் கேப்லனே 2017-இல் அந்தப் பெயரை மாற்றச் சொன்னார்.

சந்தேகப்பிராணி:
இன்றைய தேதியைக் குறித்து வைக்கிறேன். இன்னொன்று: "சொந்தச் செல்தானே, கெடுதல் வராது" என்பார்கள். அமெரிக்காவில் மூன்று பெண்களுக்குச் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்வை போனது, 2017-இல் மருத்துவ இதழிலேயே வந்தது. கண் வேறு, பாதம் வேறு. ஆனால் சொந்தம் என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

மூத்தமகன்:
பாதியை விட்டுக்கொடுக்கிறேன். டாப்ளர் கேட்கிறேன், பூட்ஸைக் கட்டிவிடுகிறேன். நாலு வாரத்தில் சுருங்காவிட்டால் ஜெல்லுக்குப் போவேன், அப்போது யாரும் தடுக்க வராதீர்கள்.

சந்தேகப்பிராணி:
ஜெல்லுக்குப் போங்கள். பில்லில் ஸ்டெம் செல் என்று ஒரு வரி இருந்தால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

நைட்டூட்டி:
புண்ணின் நீள அகலத்தை இன்றைக்கே அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். இல்லையென்றால் நாலு வாரம் கழித்து, சுருங்கியதா இல்லையா என்று திரும்பவும் இங்கேதான் சண்டை.