'மயக்கம்' என்றால் எந்த மயக்கம்? அறிகுறிப் படிவத்துக்கு உதவி தேவை

திருநெல்வேலி மாவட்டக் கிராமம் ஒன்றில் முதியோருக்கான மருத்துவ முகாம் அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது; மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் தன்னார்வலர்கள் கேட்டு நிரப்பும் அறிகுறிப் படிவத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. "மயக்கம் வருகிறதா?" என்ற கேள்வியைத் தாண்ட முடியவில்லை. படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதையும், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதையும், நினைவிழந்து விழுவதையும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மயக்கம் என்றே சொல்கிறார்கள். முதலாவது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு. இரண்டாவது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் இருக்கலாம். மூன்றாவதன் பின்னால் இதயத் துடிப்பின் கோளாறு ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், மூன்றையும் ஒரே கட்டத்தில் குறிப்பது ஆபத்தானது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இங்கே அதிகம் என்பதால் கவலை கூடுகிறது.

'தலைச்சுற்றல்', 'கிறுகிறுப்பு', 'உணர்விழப்பு' என்று பிரித்து எழுதிக் கேட்டுப் பார்த்தோம். முதல் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதைக் கை கால் மரத்துப்போவது என்று புரிந்துகொண்டார்கள். கலைச்சொல் அகராதிகளில் பேச்சு வழக்குக்கு வழி கிடைக்கவில்லை. படங்கள் பார்வை மங்கியவர்களுக்குப் பயன்படவில்லை.

முகாம்களிலோ ஆரம்ப சுகாதார நிலையங்களிலோ பணியாற்றியவர்கள் சொல்லுங்கள்: 70 வயதைக் கடந்த ஒருவரிடம் இம்மூன்றையும் பிரித்தறிய, நீங்கள் எந்தச் சொற்களில் கேட்கிறீர்கள்?