"காம்பேட்" பகுதிக்கு "இணக்க அடுக்கு": ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

மொரீஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் (கெர்னல்) சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில், 64 பிட் கருநிரலின் மேல் 32 பிட் நிரல்களை ஓடவிடும் பகுதிக்கு மூன்று பெயர்கள் வந்துள்ளன: "பின்னோக்கு ஒத்தியல்பு", "போலச்செய் அடுக்கு", ஒலிபெயர்ப்பாக "காம்பேட்" ("இணக்கமான" எனப் பொருள்படும் "கம்பாட்டிபிள்" என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்). மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை. "இணக்க அடுக்கு" என்று வைக்கலாம் என்கிறேன்.

அந்தப் பகுதி செய்யும் வேலையிலிருந்துதான் சொல் பிறக்க வேண்டும். லினக்ஸ் ஒரு நிரலைத் தொடங்கும்போது, அந்த நிரல் அடங்கிய எல்ஃப் வடிவக் கோப்பின் தலைப்பகுதியைப் பார்க்கிறது. அதன் ஐந்தாம் பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். அதன்பின் நிரலின் கட்டளைகளை நுண்செயலியே நேரடியாக நிறைவேற்றுகிறது. கருநிரல் ஒன்றையும் போலச்செய்து காட்டுவதில்லை. கருநிரலின் அமைவுத் தெரிவில் "ஐஏ32 எமுலேஷன்" (போலச்செய்தல்) என்ற பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் தவறாக அமைந்த பெயரைத் தமிழிலும் சுமக்க வேண்டியதில்லை.

நிரல் கருநிரலிடம் ஏதாவது கேட்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்டெல் வகைக் கணினியில் 32 பிட் நிரல் 1 என்ற எண்ணோடு அழைத்தால் "என் ஓட்டத்தை முடித்துவிடு" என்று பொருள். 64 பிட் நிரல் அதே எண்ணைக் கொடுத்தால் "இதை எழுது" என்று பொருள். ஆகவே இரண்டு அழைப்பு அட்டவணைகள் தேவைப்படுகின்றன. தரவின் வடிவம் இதைவிடத் தொல்லையானது. ஒரு 4 பைட் எண், அடுத்து ஒரு 8 பைட் எண்: இவை சேர்ந்த கட்டமைப்பு இன்டெல் வகையின் 32 பிட்டில் 12 பைட், 64 பிட்டில் நடுவே 4 பைட் வெற்றிடம் விழுந்து 16 பைட் ஆகிவிடும். இயக்கி (டிரைவர்) எழுதுபவர் இதைக் கவனிக்காவிட்டால், எந்தப் பிழைச்செய்தியும் வராமலே தவறான இடத்திலிருந்து எண் படிக்கப்படும். இப்படி மாறுபடும் இரு வடிவங்களையும் இணங்கவைப்பதே அந்த அடுக்கின் வேலை.

"பின்னோக்கு" என்பதும் பொருந்தாது. 32 பிட் சுட்டுகளைப் (நினைவக முகவரியைக் குறிக்கும் பாயின்டர்கள்) பயன்படுத்தும் எக்ஸ்32 முறை லினக்ஸுக்குள் வந்தது 2012இல். ஏஎம்டியின் 64 பிட் நுண்செயலியான ஆப்டெரான் 2003இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த ஒன்றுக்கும் இதே அடுக்கின் பகுதிகள் உதவுகின்றன. "32 பிட் அடுக்கு" என்றும் சுருக்க முடியாது: ஐபிஎம்மின் பெருங்கணினியான எஸ்/390இல் முகவரி 31 பிட்தான், மேல் பிட்டை அழித்த பிறகே சுட்டைத் தொட முடியும்.

ஒலிபெயர்ப்பைப் பற்றி இங்குள்ள நிலையைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். இந்தச் சொல்லை அவர்கள் பிரெஞ்சு வழியாக "கொம்பாத்தீபிள்" என்றே அறிவார்கள். சென்னையில் ஒரு வடிவம், போர்ட் லூயியில் வேறொரு வடிவம் என்று ஒரே ஆவணத்தில் இரண்டும் புழங்கினால் படிப்பவர் என்ன செய்வார்? "இணக்கம்" அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். மூல நிரலில் "காம்பேட்" ஒரு முன்னொட்டாகவே எங்கும் வருவதால், "இணக்க அழைப்பு", "இணக்கச் சுட்டு" என்று அதே வேரிலிருந்து மற்றவற்றையும் ஆக்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விலக்கு கேட்கிறேன். 2038 ஜனவரி 19உடன் தீர்ந்துபோகும் 32 பிட் நேர வடிவங்களுக்கு இந்த முன்னொட்டு வேண்டாம். இந்த அடுக்கே தேவைப்படாத முழு 32 பிட் கருநிரலிலும் அவை இருப்பதால், கருநிரல் உருவாக்குநர்களே அவற்றை "காம்பேட்" பெயரிலிருந்து பிரித்து, பழையவை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கே "பழைய நேர வடிவம்" என்பதே சரி.

டர்பன், ரீயூனியன் நண்பர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன். மறுப்பு இல்லையென்றால் சொற்கோவையில் இந்த நான்கையும் சேர்த்துவிடுகிறேன்.