புதுப்பிப்பு: நடிப்புக்குப் புள்ளி கொடுத்துப் பார்த்தேன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை நடத்துகிறேன். அதில் சண்டைக்கு மட்டும் அனுபவப் புள்ளி (பாத்திரம் அடுத்த நிலைக்கு உயரச் சேர்க்கும் புள்ளி) கொடுத்தால் பேச்சுவார்த்தையையே எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்று முன்பு புலம்பியிருந்தேன். நாங்கள் ஆடுவது 2014 விதிகளின்படி: ஒரு கோப்ளினை (குட்டிப் பூதம் போன்ற எதிரி) வென்றால் 50 புள்ளி, இரண்டாம் நிலைக்கு உயர 300.

நன்றாக நடித்தவருக்குத் தனியாக 50 என்று வைத்தேன். தவறு. வாய்ச்சாலகர் ஒருவரே அள்ளிக்கொண்டார். கூச்சக்காரர் பகடையை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நடிப்பை அளப்பதே இல்லை. வெட்டிக் கடந்தாலும் பேசிக் கடந்தாலும் அதே புள்ளி, குழு முழுவதற்கும். போன ஆட்டத்தில் ஆறு கோப்ளின்கள் வழிமறித்தன. கூச்சக்காரர் மெல்ல வாய் திறந்தார்: "உங்கள் கத்தி துருப்பிடித்திருக்கிறது. எங்களிடம் சாணைக்கல் இருக்கிறது." பேரம் படிந்தது. ஆட்டக்காரர் நால்வருக்கும் பகிர்ந்து தலைக்கு 75. வாய்ச்சாலகருக்குத்தான் இன்னும் மனத்தாங்கல்.