மறுமொழி: இன்கல்ச்சுரேஷன் – ‘பண்பாட்டுப் பதியம்’ சரிவருமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸ் கத்தோலிக்க வழிபாடு பற்றி நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் ‘இன்கல்ச்சுரேஷன்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது; வெளியிலிருந்து வந்த வழிபாடு ஒரு மக்களின் பண்பாட்டில் வேரூன்றுவதைக் குறிக்கும் சொல் அது. தமிழில் அதைப் ‘பண்பாட்டுப் பதியம்’ என்று சொல்லலாமா என்று நேற்று இங்கே கேட்டதற்கு வந்த பதில்களுக்கெல்லாம் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> ‘பண்பாட்டுமயமாக்கல்’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, திருச்சபை வட்டாரத்தில் புழங்கவும் செய்கிறது. ஆனால் ‘மயமாக்கல்’ என்றதும் கணினிமயமாக்கல், தனியார்மயமாக்கல்தான் நினைவுக்கு வருகின்றன. மேலிருந்து உத்தரவு போட்டு, இருந்ததை முழுக்க இன்னொன்றாக மாற்றுகிற வேலை அது. இங்கே நடப்பது வேறு.

‘மிசா நங் பாயங் பிலிப்பினோ’, அதாவது பிலிப்பினோ மக்களின் திருப்பலி (கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடு) என்ற வரைவைப் பாருங்கள். ஆன்ஸ்கார் சுபுங்கோ என்ற பெனடிக்டைன் துறவிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1976இல் அந்நாட்டு ஆயர் (பிஷப்) பேரவை ஏற்று ரோமுக்கு அனுப்பியது; அங்கே ஒப்புதல் கிடைக்கவில்லை. வழக்கமான திருப்பலியில் குருவானவர் முதலில் நற்கருணை (அர்ச்சித்த அப்பமும் இரசமும்) உட்கொண்டு, பிறகு மக்களுக்குத் தருவார். இந்த வரைவில், எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியாகத்தான் அவர் உட்கொள்கிறார். ஏனென்றால் பிலிப்பினோ வீட்டில் விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுவார். பிள்ளைகளுக்குப் பிறகுதான் பெற்றோர். (நம் வீட்டு விசேஷங்களிலும் பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தானே உட்காருகிறார்கள்.) சடங்கு அதே சடங்குதான், அந்த மண்ணின் விருந்துமுறையில் அது வேர் பிடித்திருக்கிறது. இதை ‘மயமாக்கல்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

> ‘தகவமைப்பு’ போதாதா?

அந்தச் சொல்லுக்கும் இதே கட்டுரையில் தனி வேலை இருக்கிறது. பிலிப்பைன்ஸின் ‘சிம்பாங் காபி’யைப் பாருங்கள்: கிறிஸ்துமஸுக்கு முன் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் திருப்பலி. வயலுக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரம். கோயிலை விட்டு வெளியே வந்தால் பிபிங்கா சுடுகிற வாசனை. வாழையிலை மேல் அரிசி மாவை ஊற்றி, கீழேயும் மேலேயும் தணல் வைத்துச் சுடுவார்கள். பக்கத்திலேயே, நம் குழாய்ப் புட்டுபோல மூங்கிலில் அவித்த ஊதா நிற ‘புட்டோ பும்போங்’. படிக்கும்போதே பசிக்கிறது. ஆனால் உள்ளே நடந்த சடங்கு ரோமானியச் சடங்கேதான், மாறியது நேரம். இதற்குத் ‘தகவமைப்பு’ சரியான சொல். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையின் வாதமே குலைந்துவிடும்.

அதனால்தான் ‘பண்பாட்டுப் பதியம்’ என்கிறேன். மல்லிகைக்குப் பதியம் போட்டவர்களுக்குத் தெரியும். கிளையை வெட்டுவதில்லை; வளைத்து, ஒரு கணுவை மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைப்போம். தாய்ச்செடியிலிருந்து சாறு வந்துகொண்டே இருக்கும், புது மண்ணில் வேரும் விடும். சுபுங்கோவுக்கும் ரோமானியச் சடங்கு நூல்தான் தொடக்கம். அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வதை அவர் ‘இன்கல்ச்சுரேஷன்’ என்ற சொல்லால் குறிக்கவில்லை.

> வேர் விட்டதும் பதியத்தை வெட்டித் தனியே நடுவார்களே, உவமை இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வெட்டி நட்டதும் அந்த நாட்டில் நடந்திருக்கிறது: 1902இல் ரோமோடு உறவை முறித்துக்கொண்டு உருவானது பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபை. ஆனால் அதைச் சொல்லப் ‘பிரிவினை’ என்ற பழைய சொல்லே போதும். பதியம் என்று நான் குறிப்பது வேர்விடும் கட்டத்தை மட்டும். ‘மின்னோட்டம்’ என்கிறோம், ஓட்டத்தின் எல்லாக் குணங்களையும் அதில் யாரும் தேடுவதில்லையே.

எனக்கு உண்மையிலேயே சிக்கலாக இருப்பது வினையும் பெயரடையும்தான். ‘பதியமிடு’ என்றால் மறுபடியும் வெளியிலிருந்து ஒருவர் செய்வதாக ஆகிவிடுகிறது. அதனால் ‘பதியங்கொள்’ என்று எழுதுகிறேன். ‘பதிய வழிபாடு’ என்று போட்டால் ‘பதிவு செய்ய’ என்று படித்துவிடுவார்கள். இப்போதைக்குப் ‘பதியங்கொண்ட வழிபாடு’ என்றே வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அன்றைக்குக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.

அன்புடன்