மறு: ‘40 சைஸ்’, ‘குவார்ட்டர் ஸ்கேல்’: இரண்டும் ‘அளவு’தானா?

> 40 சைஸ் = 40 அளவு, குவார்ட்டர் ஸ்கேல் = கால் அளவு. இத்தோடு முடித்துக்கொள்ளலாமே?

முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நம் மாதிரி விமானக் கலைச்சொல் பட்டியலில் இரண்டும் வெவ்வேறு சங்கதி.

மாதிரி விமான எஞ்சினில் 40 என்றால் 0.40 கன அங்குலம், அதாவது சுமார் 6.5 சிசி. பேச்சுவழக்கில் புள்ளி உதிர்ந்துவிட்டது. அதனால்தான் 049-ஐப் பார்த்ததும் ‘அடேயப்பா, 40-ஐவிடப் பெரிசு’ என்று புதியவர்கள் மயங்குகிறார்கள். அது 0.049, ஒரு சிசிகூட வராது. பெட்ரோல் எஞ்சின்காரர்களோ நேரே சிசியிலேயே சொல்வார்கள். ஆக, அவர்களுடைய 20, கன அங்குலத்தில் சொல்லும் இவர்களுடைய 60-ஐப் போல இரண்டு மடங்கு!

பிஸ்டன் ஒரு வீச்சில் கடக்கும் இந்தக் கொள்ளளவை (ஆங்கிலத்தில் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’) ‘இடப்பெயர்ச்சி’ என்று எழுதவேண்டாம். இயற்பியலில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. ‘நான்கு வீச்சு எஞ்சின்’ ஏற்கெனவே புழங்குவதால் ‘வீச்சுக் கொள்ளளவு’ இயல்பாகப் பொருந்தும்.

‘40 சைஸ் விமானம்’ என்பது இன்னும் ஒரு படி தள்ளியது: இரண்டு வீச்சு 40 எஞ்சின் இழுக்கக்கூடிய விமானம். அதிலேயே நான்கு வீச்சு எஞ்சின் என்றால் 52 பூட்டுவார்கள். மின்மோட்டார் வைத்தால் கொள்ளளவு என்ற பேச்சே இல்லை; ஆனாலும் பெட்டியில் 40 என்றே அச்சிட்டிருக்கும். எதையும் அளந்து சொல்லாத இந்த எண்ணை எப்படி ‘அளவு’ என்பது? ‘40 ரகம்’ என்பேன்.

ஸ்கேலுக்கு ‘விகிதம்’. பைப்பர் கப் விமானத்தின் இறக்கை விரிவு 10.7 மீட்டர், கால் விகிதத்தில் 2.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கே ‘கால்’ நீளத்துக்கு மட்டுமே. இறக்கைப் பரப்பு வீசமாகிவிடும் (1/16), கன அளவு கால்வீசம் (1/64). நம் பழைய பின்னங்கள் எவ்வளவு கச்சிதமாக உட்காருகின்றன பாருங்கள்! ‘கால் அளவு’ என்று எழுதினால் படிப்பவர் எடையிலும் காலைத்தான் எதிர்பார்ப்பார்.

பிளாஸ்டிக் மாதிரி செய்பவர்கள் 1/48-ஐயும் குவார்ட்டர் ஸ்கேல் என்பதுண்டு. அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கு. ஆகவே கலைச்சொல் பட்டியலில் ‘1/4 விகிதம்’ என்று பின்னத்தோடே போடுவோம்.

‘ஜெயன்ட் ஸ்கேல்’ பெயரில்தான் ஸ்கேல். ஒற்றை இறக்கை விமானம் 80 அங்குல விரிவை எட்டினாலே அதில் சேர்ந்துவிடும், விகிதம் எதுவானாலும். ‘பெருமாதிரி’ போதும்.

‘ரகம்’ தமிழா என்று யாராவது கேட்பீர்கள். ‘வகுப்பு’ எனக்கும் சம்மதமே, ஆனால் போட்டி விதிகளில் வரும் ‘கிளாஸ்’ அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.