மில்லார்டின் கேசட்டைச் சுத்தம் செய்த பிறகு பழைய பிரதி எதற்கு?

பழைய_கேசட்:
பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்கு 50ஆம் ஆண்டுப் பதிப்பு 2025 டிசம்பரில் வந்தது. 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில், கூட்டத்துக்குள் உட்கார்ந்து மைக் மில்லார்ட் ரகசியமாகப் பிடித்த கச்சேரியும் அதில் இருக்கிறது. அதன் ஒலியை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் சீரமைத்திருக்கிறார். இத்தனை காலம் பூட்லெக், அதாவது அனுமதியில்லாத பதிவு, என்று ஒதுக்கிய ஒன்றை இசைக்குழுவே ஏற்றுக்கொண்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அது வந்த கையோடு, "இனி பழைய பிரதி வேண்டாம், நம் தொகுப்பிலிருந்து தூக்கிவிடலாம்" என்று கச்சேரிப் பதிவுகளைச் சேர்க்கும் நம்மிடையே பேச்சு எழுந்திருக்கிறது. மாஸ்டர் கேசட்டிலிருந்து, அதாவது அரங்கில் ஓடிய முதல் கேசட்டிலிருந்து, நேராக எடுத்து, யாரும் கை வைக்காத பிரதிக்குத்தான் தரப்பட்டியலில் முதலிடம் என்பது என் நிலை.

பின்வரிசை:
தூக்கலாம் என்று சொன்னது நான்தான், அதனால் நானே பதில் சொல்கிறேன். பதிவு என்பது கேட்பதற்கு. ஹிஸ் என்னும் டேப் இரைச்சலும் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் நிறைந்த ஒன்றைப் புதிதாக வருபவருக்குக் கொடுத்தால் முதல் பாட்டிலேயே நிறுத்திவிடுவார். ஒரே கச்சேரிக்குப் பத்துப் பிரதிகளை அடுக்கினால் எதை எடுப்பது என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்றும் சொல்கிறேன். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் வாசித்ததை இன்றைக்கும் உலகம் கொண்டாடுவதற்கு ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த சவுண்ட்போர்டு பதிவுதான், அதாவது அரங்கின் மிக்ஸிங் மேசையிலிருந்து நேராக எடுத்த பதிவுதான், காரணம். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அது இடம்பிடித்திருக்கிறது. தெளிவுதான் தரம். என் மதிப்பெண் காதுக்குத்தான்.

சுருதிப்பெட்டி:
இரண்டு பேரும் 'சுத்தம் செய்வது' என்று ஒரே பெயரில் இரண்டு வேலைகளைப் பேசுகிறீர்கள். கேசட் ஓடிய வேகத்தைச் சரிசெய்வது ஒன்று. இரைச்சலை அழிப்பது வேறு.

வேகத்துக்குச் சாட்சி பதிவுக்குள்ளேயே இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பாட்டுகளுக்கு இடையே அமைதியான இடத்தில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் ரீங்காரத்தை அளந்தால் 60-ம் அதன் மடங்குகளும் தெரிய வேண்டும். 61 வந்தால் டேப் வேகமாக ஓடுகிறது. ஒரு மணி நேரக் கச்சேரியில் ஏறக்குறைய ஒரு நிமிடம் காணாமல் போயிருக்கும், சுருதியும் அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கும். இதைத் திருத்துவதை யாரும் எதிர்க்கக் கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைக் கேசட்டுக்கு ஏற்ப அமைத்துவிட்டு ஓடவிடுவதும் அப்படித்தான், இருப்பதை முழுதாக வாங்குவதற்காகச் செய்வது. இரைச்சல் நீக்கம் அப்படியல்ல. சிம்பல் ஓசையும் கைதட்டலும் ஹிஸ் இருக்கும் அதே உயர் அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. ஹிஸ்ஸை அழுத்தினால் அவையும் சேர்ந்து மங்கும். போனது திரும்பாது.

பழைய_கேசட்:
நன்றி சுருதிப்பெட்டி, நான் சொல்ல வந்தது அதுதான். வேகத் திருத்தத்தில் எனக்கும் சண்டை இல்லை.

பின்வரிசை, சவுண்ட்போர்டு பற்றி. மிக்ஸிங் மேசைக்கு வருவது ஒலிபெருக்கி வழியாகப் போக வேண்டியது மட்டுமே. சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபையரே மேடையிலிருந்து காதைப் பிளக்கும். அதனால் மேசையில் அதைக் குறைத்து வைப்பார்கள். அந்தப் பதிவைக் கேட்டால் குரல் நெற்றியில் வந்து மோதும், கிட்டார் எங்கோ கிடக்கும், டிரம்ஸ் காய்ந்துபோய் ஒலிக்கும். கார்னெல் பதிவு அருமையாக இருப்பதற்கு மேசைதான் காரணம் என்றால் எல்லா சவுண்ட்போர்டும் அப்படி இருக்க வேண்டுமே! பெட்டி அவர்கள் பதிவுக்கென்றே தனியாக மிக்ஸ் செய்தவர். அது அவருடைய காதின் திறமை. அரங்கில் இருந்தவர்கள் கேட்டது என்ன என்பதற்கு கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்த ஆடியன்ஸ் பதிவுதான் சாட்சி. லெட் செப்பெலின் குழு 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரமில் வாசித்ததை இதே மில்லார்ட் பிடித்திருக்கிறார். அந்தக் குழுவின் பான்ஹாமுடைய டிரம்ஸ் அந்த அரங்கத்தை எப்படி நிரப்பியது என்பதை அதில் கேட்டுப் பாருங்கள்.

1975 பதிவை மதிப்பது ஒலித்தரத்துக்காக மட்டுமல்ல. அன்று 'விஷ் யூ வேர் ஹியர்' வெளிவரவே இல்லை, அது செப்டம்பரில்தான் வந்தது. அன்றைய நிகழ்ச்சியின் முதல் இரண்டு பாடல்கள் வேறு தலைப்புகளில், வேறு வரிகளோடு இருந்தன. அவை ஆல்பத்தில் ஏறியது 1977-ல், 'அனிமல்ஸ்'-இல். கேள்விப்படாத பாட்டைக் கேட்டுக்கொண்டு கூட்டம் எப்படி இருந்தது என்பதும் வரலாறுதான். அதை இரைச்சல் என்று வெட்டினால் பாதி ஆவணம் போய்விடும்.

மீரா:
ஒன்று விட்டுப்போகிறது. மில்லார்ட் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதன் அடியில் நகமிச்சி கேசட் டெக்கை மறைத்து உள்ளே போனவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மாஸ்டர்களைக் கையைவிட்டு விடவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்த பிரதிகள்தான் பூட்லெக் அச்சடிப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தன. 1994-ல் அவர் இறந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் நாம் கேட்டது பிரதியின் பிரதி. ஒவ்வொரு தலைமுறையிலும் ஹிஸ் கூடி, மேல்சுரங்கள் தேய்ந்தன. ஆகவே 'கை வைக்காத பழைய பிரதி' என்று யாராவது ஒன்றை ஏற்றினால், எந்தத் தலைமுறை, எந்த டெக்கில் ஓடியது, எந்த வடிவிலிருந்து ஃப்ளாக் (ஒலி இழப்பில்லாத கோப்பு) ஆனது என்ற வம்சாவளியைக் கேளுங்கள். ஸ்பெக்ட்ரம் என்னும் அதிர்வெண் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லை என்றால் ஒலியை வெட்டிச் சுருக்கும் எம்பி3 இடையில் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முதலிடம் கொடுப்பது அநியாயம்.

பின்வரிசை:
மீரா சொல்வது எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. பழையது என்பதால் மட்டும் தூய்மை வந்துவிடாது.

சரி, ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். தொகுப்பிலிருந்து நீக்க வேண்டாம். 2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் கிரேட்ஃபுல் டெட் பதிவுகளின் பதிவிறக்கத்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். ரசிகர்கள் கொந்தளித்த பிறகு பதிவிறக்கத்துக்குத் திரும்பியவை ஆடியன்ஸ் பதிவுகள்தான், சவுண்ட்போர்டுகள் கேட்பதற்கு மட்டும் என்று ஆயின. உரிமையாளர் எதையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், கூட்டம் வைத்திருப்பது கூட்டத்திடம்தான் இருக்கும். அந்தக் காரணத்துக்காக மூலப் பிரதி பத்திரமாக இருக்கட்டும். ஆனால் புதியவர் முதலில் கேட்க வேண்டியது வில்சனின் வடிவம்தான். பட்டியலில் அதை மேலே வைக்கத்தான் வாக்களிப்பேன்.

பழைய_கேசட்:
நான் எதிர்த்து வாக்களிப்பேன். ஒரே எண்ணுக்குள் ஒலியையும் வம்சாவளியையும் திணிப்பதால்தான் இந்த இழுபறி. ஒலித்தரத்துக்கு ஒரு பத்தி, மூலத்துக்கு ஒரு பத்தி என்று பட்டியலைப் பிரிக்க நாளை முன்மொழிவு போடுகிறேன். சுருதிப்பெட்டி, உங்களிடம் இருக்கும் பிரதியில் ரீங்காரம் எவ்வளவு வருகிறது என்று அளந்து இங்கே போடுங்கள்.